சித்தப்பா உடைத்த பூசணிக்காய்

சித்தப்பாவின் வெள்ளைச் சேட்டுத்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. நீதிமன்றத்துக்குப் போடவென்று வாங்கி, மினுக்கி, அலுமாரியில் தொங்கவிட்டிருந்த சேட்டு. ஹலோவீன் விழாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வாசலில், கன்னம் முழுக்கத் தையல் போட்டதுபோல மையால் கீறியிருந்த ஓர் இளம்பெண், வருகிற எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டாள்: நீங்கள் யாராக வந்திருக்கிறீர்கள்? நான் மொழிபெயர்க்க வாயெடுக்க முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது. “பாப்பா” என்றார். அப்பா என்பதற்கு ஜெர்மன் பிள்ளைகள் சொல்லும் சொல். அவள் சிரித்துவிட்டு அவருடைய மணிக்கட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கடதாசிப் பட்டியை ஒட்டிவிட்டாள்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. கெல்சென்கிர்ச்சனில் ஓர் இத்தாலிய உணவகத்தின் குசினியில் இருபது வருடமாக வேலை செய்கிறவர். அவரும் சித்தியும் பிரிந்த கதையில் இரண்டு பக்கமும் பிழை இருந்தது; அதை நான் விரிக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். கடைசிச் சண்டையில் அவர் ஒரு கோப்பையைச் சுவரில் எறிந்து உடைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்கு அறிவித்தார். அந்தக் கோப்பையின் கதை கோப்பில் ஏறியது. அதன் பிறகு அவர்களின் மகளை, என் ஏழு வயதுத் தங்கச்சியை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை, இரண்டு மணித்தியாலம், சிறுவர் அலுவலகத்துப் பெண் ஒருவர் பக்கத்தில் இருக்கத்தான் அவரால் பார்க்க முடிந்தது. ஆறு சந்திப்புகள் ஒழுங்காக முடிந்திருந்தன. ஏழாவதும் நல்லபடியாக முடிந்தால், பிள்ளையைச் சனி ஞாயிறுகளில் தனியே வீட்டுக்கு அனுப்பலாம் என்று நீதிமன்றத்துக்கு எழுதுவதாக அந்தப் பெண் சொல்லியிருந்தார். சித்தப்பா அதற்குள்ளேயே ஒரு சின்னக் கட்டிலை வாங்கிப் பொருத்தி, விரிப்பும் விரித்து வைத்துவிட்டார்.

அந்தச் சந்திப்புகளில் மொழிபெயர்க்கப் போனவன் நான். எங்கள் குடும்பத்தில் அப்பா ஐந்தாம் வகுப்பு, சித்தப்பா எட்டு. பல்கலைக்கழகம் என்று ஒன்றுக்குப் போனது நான்தான் முதல். வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பதும், படிவங்களை நிரப்புவதும், அலுவலகங்களில் மற்றவர்களுக்காகப் பேசுவதும் பதினைந்து வயதிலிருந்தே என் வேலை. ஏழாவது சந்திப்பு ஒக்டோபர் முப்பத்தொன்றில் விழுந்தது. ஒரே அறைக்குள் இருக்காமல் வெளியே எங்காவது போகலாம் என்று அலுவலகப் பெண் சொன்னபோது இடம் தேடியதும் நானே. பக்கத்து ஊரில் மூடிப்போன ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் முற்றத்தில் ஹலோவீன் விழா வைத்தார்கள். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை குடும்பங்களுக்கு: பூசணிக்காய் குடைதல், முகத்தில் வர்ணம் பூசுதல், வேடப்போட்டி. ஆறு மணிக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு மட்டும், சுரங்கப் பாதைக்குள் பேய் நடை. பிள்ளைக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு நாளும் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் சரியாகவே வந்திருந்தன.

டிராமில் போகும்போது சித்தப்பா கேட்டார்:

“என்ன தம்பி, செத்தவையின்ரை வேசம் போட்டுப் பிள்ளையளைப் பயப்பிடுத்திறதோ? இதுக்கு ரிக்கற்றும் எடுக்க வேணுமோ?”

“ஓம் சித்தப்பா. இஞ்சை பிள்ளையளுக்கு இது தீபாவளி மாதிரி.”

“தீபாவளிக்குப் பேயை வீட்டுக்குக் கூப்பிடுறேல்லை.” பிறகு, “சரி, அவள் சிரிச்சாக் காணும்” என்றார்.

அவள் சிரித்தாள். அதனால்தான் அந்த நாளை மறக்க ஏலாமல் இருக்கிறது. வௌவால் வேடத்தில், கறுப்புத் துணிச் செட்டைகளோடு வந்து, முதலில் அலுவலகப் பெண்ணின் கைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். பட்டியைப் பார்த்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு பூசணிக்காய் என்று கொடுத்தார்கள். மற்றத் தகப்பன்மார் கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திண்டாட, சித்தப்பா சேட்டுக் கையை மடித்துவிட்டு, மூடியை ஒரே சுற்றில் வெட்டி எடுத்தார். உள்ளே வழித்தார். பிறகு கண், மூக்கு, பல். குசினியில் நாளைக்கு நாற்பது கிலோ மரக்கறி வெட்டுகிற கை. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். தங்கச்சி ஒவ்வொரு பல்லாகக் கிட்டக்கிட்ட வந்து, கடைசியில் அவர் முழங்காலில் சாய்ந்தபடி, “பாப்பா, இன்னும் ஒரு பல்லு” என்று ஜெர்மனில் கேட்டாள். அலுவலகப் பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தன் கொப்பியில் எதையோ எழுதினார். நல்லதாகத்தான் எழுதியிருப்பார். அந்த நேரத்தில் எல்லாம் நல்லதாகவே இருந்தது.

வேடப்போட்டியில் தங்கச்சிக்கு முதற்பரிசு கிடைத்தது. முற்றம் முழுக்கக் கைதட்டியது. முன்பின் தெரியாதவர்கள் வந்து தலையைத் தடவினார்கள், படம் எடுத்தார்கள், எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்றார்கள். சித்தப்பாவின் முகம் மாறுவதை நான் கண்டேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மேடைப் படியால் இறங்கும்போது அவள் கால் இடறி விழுந்தாள். எழும்பியபோது மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. அதையும் ஒப்பனை என்று நினைத்துச் சிலர் மறுபடி கைதட்டினார்கள்.

உண்மையான இரத்தம் என்று முதலில் கண்டவர் சித்தப்பாதான். ஓடிப்போய் அவளை இருத்தி, மூக்கைப் பிடித்து, லேஞ்சியால் துடைத்து, இரத்தத்தை நிறுத்தினார். அவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது அவ்வளவோடு முடிகிற காரியம் அல்ல. இத்தனை கண் பட்ட பிள்ளை, அடுத்த நிமிடமே விழுந்து இரத்தம் சிந்தினால், அது கண்ணூறு. கழித்தே ஆகவேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை எழுதப்போன காலையில் அம்மாவும் எங்கள் மாடிவீட்டுக் கார்த் தரிப்பிடத்தில் பூசணிக்காய்க்குள் குங்குமம் கரைத்து ஊற்றி, என் தலையை மூன்று தரம் சுற்றி உடைத்தவர். அயலவர்கள் எழும்ப முன்னம் அந்தத் துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டவன் நான்.

சித்தப்பா மேசைக்குப் போனார். வேறு பூசணிக்காய் தரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தங்கச்சியுடையதைத் தூக்கி, மேசையில் கிடந்த கத்தியை எடுத்து மூடியை நெம்பித் திறந்தார். குங்குமத்துக்கு எங்கே போவது? முகத்துக்குப் பூசும் சிவப்பு வர்ணத்தை அள்ளி உள்ளே தடவினார். கத்தி இன்னும் கையில் இருந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு அவள் தலைக்கு மேலால் மூன்று தரம் சுற்றி, மூன்று பாதைகள் சந்திக்கும் இடத்துக்குப் போய், ஓங்கி நிலத்தில் அடித்தார்.

தங்கச்சி வீரிட்டாள். என்ரை பூசணிக்காய், என்ரை பூசணிக்காய் என்று ஜெர்மனில் கத்தினாள். சித்தப்பா அவளிடம் ஓடி வந்து, “ஒண்டுமில்லையம்மா, அப்பா நூறு வெட்டித் தாறன்” என்றார் தமிழில். அந்த அழுகைக்குள் அவளுக்கு அது விளங்கியிருக்காது. அவளுக்குத் தெரிந்தது, சிவந்த கையோடு கத்தியைப் பிடித்தபடி வருகிற ஒருவரைத்தான். பின்னுக்குப் போனாள். இரவு நிகழ்ச்சிக்கென்று அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த நடிகர்களில் ஒருவன், தலையில் கோடரி பாய்ந்து நின்றவன், முழந்தாளிட்டு, மூக்குத் துடைக்க அவளுக்கு ஒரு ரிஷ்யூக் கடதாசியை நீட்டினான். பயப்படாமல் வாங்கிக்கொண்டாள்.

அலுவலகப் பெண்ணிடம் சித்தப்பா தானே விளங்கப்படுத்தப் பார்த்தார். கண்ணுக்கு உள்ள ஜெர்மன் சொல்லை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லி, கூடியிருந்த சனத்தை ஒவ்வொருவராக விரலால் காட்டினார். அவர் காட்டக் காட்ட சனம் விலகியது. அலுவலகப் பெண் என் பக்கம் திரும்பி, “அவர் ஏன் அப்படிச் செய்தார்?” என்று கேட்டார்.

என்னால் சொல்ல முடிந்திருக்கும். பிள்ளையைக் காப்பாற்ற எங்கள் ஊரில் செய்கிற சடங்கு என்று ஒரே வசனத்தில் முடித்திருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று கண்ணூறு என்பதை ஜெர்மனில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்களுக்குப் பழகிய ஒரு காரணம் சொன்னால் இரக்கப்படுவார்கள் என்றும் கணக்குப் போட்டேன். “மன்னியுங்கள், கொஞ்சக் காலமாக அவருக்கு நல்ல ஸ்ட்ரெஸ். சில நேரம் இப்படித்தான்” என்றேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு அறிக்கை வந்தது. கோப்பையும் பூசணிக்காயும் ஒரே பந்தியில் இருந்தன. மன அழுத்தத்தில் தந்தை தன் கட்டுப்பாட்டை இழப்பவர் என்பதை உறவினரே உறுதிப்படுத்தினார் என்று அதற்குக் கீழே ஒரு வசனம். அறிக்கையைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டியவனும் நான். அந்த வசனத்தை மட்டும் வாசிக்காமல் விட்டேன். சந்திப்புகளை நிறுத்தினார்கள். பிறகு, தனக்குப் போக விருப்பமில்லை என்று தங்கச்சியே சொன்னதாகக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் சித்தி அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் படிப்பை முடித்து, டார்ம்ஸ்டாட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் உட்கார்ந்து, கண்ணூறு என்றால் என்ன, பூசணிக்காயை ஏன் உடைக்கிறோம், அன்று நான் சொன்னது ஏன் பொய் என்று நல்ல ஜெர்மனில் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகு பிள்ளையின் விருப்பம்தான் கணக்கில் எடுக்கப்படும். பிள்ளையின் விருப்பம் மாறவில்லை.

ஆறு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் ஒரு பின்னேரம், மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் குசினியிலிருந்து சித்தப்பா போன் எடுத்தார். ஒக்டோபர் பிறந்தால் எடுப்பார்.

“தங்கச்சியைப் பற்றி ஏதும் அறிஞ்சியோ?”

“இல்லைச் சித்தப்பா.”

“பதின்மூண்டு வயசு. இப்ப கண்டாலும் எனக்கு ஆளை மட்டுக்கட்ட ஏலாது.”

அன்று ஏனோ என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “சித்தப்பா, அண்டைக்கு அந்த மனுசி கேக்கேக்கை நான் உண்மையைச் சொல்லேல்லை. உங்களுக்கு ஸ்ட்ரெஸ் எண்டு சொன்னனான். அதைத்தான் அவை எழுதினவை.”

சட்டி கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“ஓம். கேட்டனான்.”

“விளங்கினதோ?”

“ஸ்ட்ரெஸ் எண்டா விளங்காதோ? இஞ்சை குசினியிலை நாள் முழுக்க இதைத்தானே சொல்லுறாங்கள்.”

“அப்ப ஏன் அதிலை நிண்டு இல்லையெண்டு சொல்லேல்லை?”

“நீ படிச்சனியெல்லே தம்பி. இவையிட்டை எதைச் சொன்னாச் சரிவரும் எண்டு உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்.”

குரலில் குற்றச்சாட்டு ஒரு துளிகூட இல்லை. தண்ணீர்ச் சத்தம் மறுபடி தொடங்கியது.