வீட்டுக்குள் டவர் கிடைக்கவில்லை

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவியிடம் விட்டால் உதாரணங்களோடு சொல்வாள், நேரமாகும். புது ஊருக்குக் குடிபோகிறவன் அங்கே எந்த செல்போன் கம்பெனிக்கு டவர் நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்து ஒரு சிம் வாங்குவான். அரைமணி நேர வேலை. நான் அதைப் பெண் பார்ப்பதுபோல ஊரெல்லாம் விசாரித்து, வாரக்கணக்கில் இழுத்து, கடைசியில் தப்பாகவும் செய்து முடித்தேன்.

திருநெல்வேலியிலிருந்து என்னைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றியிருந்தார்கள். கோட்டைக்குள் அக்ரகாரத் தெரு ஒன்றில் வாடகைக்கு வீடு பிடித்தேன். எல்லா வீடுகளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெரு. முன்னும் பின்னும் சுவர்கள் ஒரு முழத் தடிமன். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவான சுவர் மட்டும் மெலிசு. அங்கே மிக்ஸி ஓடினால் இங்கே என்ன சட்னி என்று சொல்லிவிடலாம்.

என் மனைவி சாயங்காலங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடியோவில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: புது வீட்டுக்குள் உட்கார்ந்து தடையில்லாமல் பாடம் நடத்த முடிய வேண்டும். அது உறுதியானால் வருவாள். இல்லையென்றால் அவள் அங்கே, நான் இங்கே, தம்பானூர் ஓட்டல் சாம்பார் என் வயிற்றில். அந்தச் சாம்பாரைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். காலையில் மிஞ்சியதில் மத்தியானமும், மத்தியானம் மிஞ்சியதில் ராத்திரியும் வெந்நீர் ஊற்றிக் கலக்கிய ஒரு திரவம். அதில் மிதந்த வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றை மூன்று வேளையும் பார்த்துப் பார்த்து எனக்கு முகப்பழக்கமே ஆகிவிட்டது.

என் பழைய சிம் வாசற்படி தாண்டியதும் மூர்ச்சை போட்டுவிடும். கேபிள் இழுத்து இணையம் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சுவரைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினார்.

"ஆணி அடிக்கறதுக்கே நான் சம்மதிக்கறதில்லை. ஓட்டைன்னா பேச்சே இல்லை, கேட்டேளா?"

ஆக, வீட்டுக்குள் எட்டும் கம்பெனி ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். விசாரணை ஆரம்பமாயிற்று.

சாலைக் கடைத்தெருவில் நான் அரிசி வாங்கும் கடைக்காரர் நாங்குநேரிப் பக்கம். ஊர்க்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரிடம் கேட்டேன்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி மாத்துதிய? நான் இங்க வந்து பிள்ளைக்குப் பிள்ளை பொறந்தாச்சு. இன்னும் நம்மூரு சிம்முதான்."

"கடைக்குள்ள டவர் கிடைக்குதா?"

"கிடைக்காது. அதுக்கென்ன, ரோட்டுல போயி பேசுதேன்."

ஆட்டோக்காரர் ஒரு கம்பெனியைச் சொன்னார். அவர் வாழ்நாள் முழுக்கத் திறந்தவெளியில் இருப்பவர், அவருக்கு எல்லாம் கிடைக்கும். அலுவலகத்தில் ஆளுக்கொரு கம்பெனியைச் சொன்னார்கள். யாரும் தன் கம்பெனியைப் புகழவில்லை, மற்றவன் கம்பெனியைக் காறித் துப்பினார்கள். நடைபாதையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சிம் விற்பனைக்காரர்கள் இதையெல்லாம்விட மோசம். பிணத்தை மொய்க்கும் ஈ மாதிரி வந்து மொய்த்தார்கள். அவ்வளவு பேரும் வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். ஒருத்தரும் வரவில்லை. ஆனால் அவ்வளவு பேரும் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். டவர் இல்லாததால் அவர்கள் கூப்பிட்டது எனக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சுவர் எனக்குச் செய்த ஒரே நல்லது அதுதான்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு மாமா வந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என் புலம்பலைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே முழுதும் கேட்டிருக்கிறார்.

"எதுக்கு இப்படி அலையறேள்? என் போன் ஆத்துக்குள்ள ஜோராக்கும் வேலை செய்யறது. கொண்டுவரேன், உங்காத்துக்குள்ள நின்னு பாருங்கோ. பிடிச்சா அதே கம்பெனி எடுங்கோ."

இதைவிட விஞ்ஞானபூர்வமான சோதனை உண்டா? அவருடைய போனைக் கையிலேந்தி அறை அறையாக நடந்தேன். மாமா பின்னாலேயே வந்தார். கூடத்தில் நின்று மனைவியை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் முகம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தது.

"இது யாரு நம்பர்? பின்னாடி யாரு நிக்கிறாங்க?"

"பக்கத்து வீட்டு மாமா. ஒரு வணக்கம் சொல்லு. படம் எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க ஷேவ் பண்ணலைங்கிறது வரைக்கும் தெரியுது." கொஞ்சம் யோசித்தாள். "அப்போ சாமான் கட்டலாமா?"

"கட்டு," என்றேன், அரசன் மாதிரி.

அன்றைக்கே பிள்ளைகளின் பெற்றோரிடம், அடுத்த மாதத்திலிருந்து திருவனந்தபுரத்திலிருந்து வகுப்பு என்று சொல்லிவிட்டாள். அம்மிக்குழவியை எடுத்து வருவதா வேண்டாமா என்ற கேள்வி வரைக்கும் வந்துவிட்டோம்.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ள ஒரு கடைக்குப் போனேன். அங்கே கட்டைவிரல் வைக்க ஒரு சின்னப் பெட்டி. ஊரில் பாதிப் பேரின் வியர்வையும் பழம்பொரி பஜ்ஜி எண்ணெயும் அதன் கண்ணாடியில் படிந்திருந்தன. என் விரலை அது ஏற்கவில்லை.

"சாரே, விரலை நெத்தியிலே ஒண்ணு தேய்ச்சிட்டு வெய்க்கணும்," என்றாள் கடைப்பெண். நெற்றியில் தேய்த்து வைத்தேன். இல்லை. மூக்கில் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். அடுத்தவர்களும் இப்படித்தானே மூக்கில் தேய்த்து இங்கே வைத்திருப்பார்கள் என்று தோன்றியதும் விரலை இழுக்கப் போனேன். அந்த நொடியில் பெட்டி பச்சை விளக்கைப் போட்டது. போட்டோவுக்குக் கண்ணைச் சிமிட்டச் சொன்னாள். முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்து இந்த வயதில் கண் சிமிட்டினேன். எல்லாம் குடும்பம் ஒன்று சேர்வதற்காக.

சில நாள் கழித்துப் பழைய சிம் உயிரை விட்டது. புதியதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கம்பீரமாக நுழைந்தேன். கூடத்தில் ஒன்றுமில்லை. சமையலறையில் ஒன்றுமில்லை. கொல்லையில் துணி துவைக்கும் கல்மேல் ஏறி, ஒற்றைக்காலில் நின்றால் ஒரு கோடு வந்தது. அதில் நின்று உதவி எண்ணைக் கூப்பிட்டேன். முதலில் பாட்டு. பிறகு என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண்குரல் தேனொழுகச் சொன்னது. அந்தக் குரல்மேல் எனக்கு உண்டான வெறுப்பை எந்த மனிதர்மேலும் நான் கொண்டதில்லை. கால் மரத்து, காலை மாற்றினேன். கோடு போயிற்று.

மாமாவைக் கூப்பிட்டேன். அவர் தன் போனோடு வந்தார். என் கூடத்தில் அது கிரிக்கெட் காட்டியது. என் போன் கருங்கல் மாதிரி இருந்தது. மாமா ஒரு யோசனை சொன்னார். ஊசியால் குத்தி இரண்டு சிம்களையும் எடுத்து, என் சிம்மை அவர் போனில் போட்டோம். கிரிக்கெட் ஓடிற்று.

"பார்த்தேளா? சிம் பேஷாயிட்டு இருக்கு. போன்தான் சீத்தை. வேற போன் வாங்குங்கோ."

வாங்கியிருப்பேன், சத்தியமாக. சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே இடி இடித்து, மழை பிடித்து, கரண்ட் போயிற்று. மாமாவின் கையில் கிரிக்கெட்டும் நின்றது. பந்து வீச்சாளர் பாதி ஓட்டத்தில் அந்தரத்தில் தொங்கினார்.

"கரண்ட் போனா இதுவும் போயிடும். எப்பவும் உள்ளதாக்கும்," என்றார் மாமா சாவதானமாக.

"மாமா, போனுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"நம்மாத்துல பொட்டி அணைஞ்சு போகுமில்லையா."

"என்ன பெட்டி?"

"மாப்பிள்ளை லீவுல வந்தப்போ ஒரு பொட்டி வாங்கி இந்தச் சுவத்துல மாட்டிட்டுப் போனார். பச்சை லைட் எரியும். அது என்னத்துக்குன்னு எனக்கறியாது."

மெலிசான அந்தப் பொதுச் சுவரைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம், என் கூடத்திலிருந்து ஒரு செங்கல் தூரத்தில், மாமாவின் வைஃபை பெட்டி. சட்னி வாசனை மாதிரி அதுவும் இந்தப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது. மாமாவின் போன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கம்பெனிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. படித்து, உத்தியோகம் பார்க்கிற ஒருவன் அடுத்த வீட்டு வைஃபையை வைத்து ஒரு செல்போன் கம்பெனியைப் பரீட்சை செய்து, நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறான்.

பாஸ்வேர்ட் கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குத்தான் தெரியுமாம். அவர் மஸ்கட்டில் இருக்கிறாராம். அவரிடம் கேட்க மாமாவுக்குக் கூச்சமாம். மகளுக்கும் அவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை கொஞ்சம் சரியில்லையாம். அதற்குமேல் எப்படிக் கேட்பது?

வேறு கம்பெனிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கடைக்கு ஓடினேன். அந்தப் பெண் என்னை மறக்கவில்லை. கண்ணடித்தவர்களை யாரும் மறப்பதில்லை போல.

"ஒருக்க மாறினா பின்னே மூணு மாசம் கழிஞ்சுதான் மாற பற்றும், சாரே."

மழை விட்டிருந்தது. எங்கள் தெரு முனையில் டிரான்ஸ்பார்மருக்கு எதிரே ஓர் இடம் உண்டு. தெருவில் பலருக்கும் டவர் அங்கேதான். சொத்துத் தகராறு, வரன் விசாரணை, மூல வைத்தியம் எல்லாம் அங்கே நின்றுதான் பேசப்படும். காத்திருப்பவர்கள் மரியாதையாக வேறுபக்கம் திரும்பி ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்கள். என் முறை வந்தது. மனைவி போனை எடுத்ததும், அட்டைப்பெட்டியை டேப் போட்டு ஒட்டுகிற சத்தம் கேட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, சிரிக்க வைப்பது. மாமா, பெட்டி, மாப்பிள்ளை, மூக்கில் தேய்த்த விரல் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். துவைக்கிற கல்மேல் நீ ஒற்றைக்காலில் நின்று பின்னக் கணக்கு நடத்தினால் பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். டேப் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

"மூணு மாசம் போனதும் வேற கம்பெனிக்கு மாத்திடலாம். இந்தத் தடவை நல்லா விசாரிச்சு மாத்துறேன்," என்று முடித்தேன்.

"வீட்ட மாத்துங்க," என்றாள்.