மேல்மாடி வீட்டின் மெமரி கார்டு

அழித்தது நான்தான்.

கை தவறி அழிக்கவில்லை. கணினி கெட்டுப்போய் அழியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணாரப் பார்த்துவிட்டு, அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இனி எந்தக் கொம்பனாலும் திரும்ப எடுக்க முடியாதபடி அழித்தேன். அழிந்துவிட்டதா என்று சரிபார்த்தேன். பிறகு மறுபடியும் ஒருமுறை அழித்தேன்!

என்னை நேரில் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தொப்பையும் சிரிப்புமான ஆள். கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் அரசுக் குடியிருப்பில் எந்தக் கூட்டமானாலும், யாரையாவது சிரிக்க வைக்க வேண்டுமென்றால் என்னைத்தான் மேடையேற்றுவார்கள். வங்காளிப் பிள்ளைகளுக்கு நான் 'கம்ப்யூட்டர் தாதா'. இந்த ஊரில் அண்ணனைத் தாதா என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் வீரம் என்னிடம் துளியும் கிடையாது. கரப்பான் பூச்சி வந்தால்கூட என் மனைவி பார்வதியைத்தான் கூப்பிடுவேன்.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. வீட்டில் கணினி வைத்தியம். அதிலும் கேமராவின் மெமரி கார்டு என்றால் நான் கைராசிக்காரன்... அப்படி நானே சொல்லிக்கொள்வேன். கார்டு கணினியில் தெரியவில்லையா? அதன் பொன்னிறப் பட்டைகளை மெல்லிய துணியால் துடைப்பேன். கார்டு ரீடரை மாற்றுவேன். கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளையில் செருகாமல் பின்பக்கத்தில் செருகிப் பார்ப்பேன். 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கணினி கேட்டால் செத்தாலும் 'சரி' என்று சொல்லக்கூடாது. குடியிருப்பில் எத்தனை பேரிடம் இதை உபதேசம் செய்திருப்பேன்!

இனி வரும் பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். அந்த ஒரு பாதுகாப்பையாவது...

சேகர் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதில் எனக்கு இளையவர். அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி, குடியிருப்பில் எனக்கு மேல்மாடி. அவர் மனைவி சுதா. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருடமிருக்கும். அமைதியான தம்பதி என்று பெயர். ஆம், அமைதிதான். அந்த அமைதியைப் பற்றி ஒரு நாளாவது யோசித்தேனா நான்?

துர்கா பூஜை விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. சேகர் சார் ஒரு கார்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே சுதா, பார்வதியிடம் வாங்கியிருந்த சுண்டல் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க.

"மூர்த்தி, எங்கம்மா கொலுவுக்கு வந்தப்ப எடுத்த படமெல்லாம் இதுலதான் இருக்கு. லேப்டாப்ல போட்டா, ஃபார்மட் பண்ணுன்னு மிரட்டுது. போச்சா?"

"மிரட்டினதுக்கெல்லாம் பயந்தா நான் பார்வதிகூட குடும்பம் நடத்த முடியுமா சார்?"

"பயந்துதான் நடத்தறார்!" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. எல்லோரும் சிரித்தோம். சுதாவும் சிரித்தாள். அதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

மீட்புச் செயலியை ஓடவிட்டேன். ஓடும் நேரமெல்லாம் என் உபன்யாசம். கேமராவில் ஒரு படத்தை அழித்தால் படம் போய்விடுவதில்லை. வாசலில் இருக்கிற பெயர்ப் பலகையை மட்டும் கழற்றுகிறார்கள். ஆள் உள்ளேயேதான் இருப்பார், அந்த இடத்துக்கு வேறு படம் குடிவரும் வரை. நாம் கதவைத் தட்டினால் எழுந்து வந்துவிடுவார்... கேட்டுக்கொண்டே சேகர் சார் இரண்டாவது டீயும் குடித்தார்.

படங்கள் வந்தன. பெயரெல்லாம் போய், வெறும் எண்களாக, வரிசையாக. ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருக்கக் கூடாதா? என் அவசரமெல்லாம் கைதட்டல் வாங்குவதில்தான்! மொத்தத்தையும் அப்படியே பென் டிரைவில் ஏற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"சார், கேட்டதுக்கு மேலயே வந்திருக்கு! எப்பவோ அழிச்சதெல்லாம்கூட எந்திரிச்சு வந்துடுச்சு. போனஸ்!"

வாசற்படியில் நின்ற சுதா கேட்டாள். "அழிச்சதும் வருமாண்ணா?"

"என்கிட்ட எதுவும் தப்ப முடியாதும்மா!"

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. என் ஜோக் சிலருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும் என்று நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட மடையன்!

அன்று சாயங்காலம், சேகர் சார் வீட்டுக் கொலுவில் பார்வதி பாடியபோது எடுத்த படம் இருக்குமே, அதை எடுத்து அவள் தங்கைக்கு அனுப்பலாம் என்று என் கணினியில் தங்கியிருந்த நகலைத் திறந்தேன். கொலுப் படிகள். சாரின் அம்மா. பந்தல். மறுபடி அம்மா. பார்வதி, வாயைத் திறந்தபடி. சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனேன்.

பிறகு ஒரு கை.

முழங்கைக்குக் கீழே கருநீலமாக, விரல் விரலாகத் தடம். குளியலறைத் தரையோடுகளின் மீது அந்தக் கையை நீட்டிவைத்து எடுத்திருந்தாள் சுதா. பக்கத்தில் தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்று. லேக் மார்க்கெட்டில் வாங்கி நம்மவர்கள் சுவரில் மாட்டுவோமே, தமிழ்த் தேதியும் நல்ல நேரமும் ராகு காலமும் போட்டு, அந்தத் தாள். என்றைக்கு நடந்தது என்று தெரிவதற்காக!

அடுத்த படத்தில் காதுக்குப் பின்னால். வேறு தாள். அடுத்ததில் தோள். வேறு தாள். அதற்கடுத்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை... பார்த்தேன். பொய் சொல்ல உட்காரவில்லையே இப்போது. பார்த்தேன்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் என்று நினைக்கிறீர்களா? இல்லை. பயம். என் தலைக்கு மேலே, இதே படங்கள், இதே வரிசையில், அவர் மடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கொலு. அம்மா. பந்தல். அம்மா. பார்வதி. இந்நேரம் எந்தப் படத்தில் இருப்பார்? பந்தலிலா? தாண்டிவிட்டாரா?

ஓடிப்போய் அந்தப் பென் டிரைவை வாங்கிவிடலாம் என்று தோன்றியது. 'சார், வைரஸ் இருக்கு, திறக்காதீங்க!' என்று சொன்னால் போதும். என்னைப்போல் புளுகத் தெரிந்தவன் இந்தக் குடியிருப்பில் உண்டா? செருப்புகூடப் போடாமல் படியேறினேன். பாதியில், படி திரும்புமிடத்தில், நின்றேன். ஒருவேளை அவர், "ஏன் மூர்த்தி, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டால்?

இறங்கிவிட்டேன்.

"என்னங்க, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் பார்வதி.

"மேல போய் பேயைப் பாத்துட்டு வரலாம்னு போனேன். வீட்ல இல்ல," என்றேன். அவள் சிரித்துவிட்டு டிவி பக்கம் திரும்பினாள். என் நாக்கைப் பாருங்கள்... எந்த நேரத்திலும் அது தன் வேலையை விடுவதில்லை!

மேலே இருந்து சத்தம் எதுவும் வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான். மறுநாள் காலையில் பால்காரன் மேல்வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பால் பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரக் கடைசியில் சேகர் சார் வந்தார். கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி. முகத்தில் அவருடைய வழக்கமான, அளந்த சிரிப்பு.

"அம்மா படம் பாத்து ரொம்ப சந்தோஷப்பட்டாங்க மூர்த்தி. ஆனா வேண்டாத படமும் நிறைய வந்திருக்கே?"

"சாஃப்ட்வேர் சார் அது... குப்பை கூளம் எல்லாத்தையும் வாரிக்கிட்டு வந்துடும்."

குப்பை என்றேன். நான் சொன்ன வார்த்தைதான் அது.

"நீங்க பாத்தீங்களோ?"

"ஐயோ, நான் எதையும் திறக்கவே மாட்டேன் சார். டாக்டர் பிரசவம் பாப்பாரே தவிர, குழந்தைக்கு ஜாதகமா பாப்பார்?"

சிரித்தார். என் தோளில் கை வைத்தார். லேசாகத்தான் வைத்தார். ஆனால் அந்த விரல்களை நான் எண்ணினேன், ஐயா. நான் பார்த்த படத்தில் இருந்த விரல்களோடு சேர்த்து எண்ணினேன்.

"உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தங்கலியே?"

"சுத்தம் சார். துடைச்சாச்சு."

"நல்லது. அந்த கார்டையும் ஒடிச்சுப் போட்டுட்டேன். அப்புறம், நீங்க சென்னைக்கு மாற்றல் கேட்டது என் மேஜைலதான் இருக்கு. பாக்கறேன்."

அவர் போனதும் பார்வதி சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டு, "தங்கமான மனுஷர்!" என்றாள்.

துடைத்தாயிற்று என்று சொன்னது பொய். நகல் அப்படியே இருந்தது. அந்தப் பொய்யை உண்மையாக்கத்தான் கதவைத் தாழிட்டேன். சாதாரணமாக அழித்தால் திரும்ப எடுக்கலாம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால் அந்த இடத்தின் மீது வெறும் பூஜ்யங்களை எழுதும் செயலியைப் போட்டேன். பென் டிரைவ் அவர் கையில். கார்டு ஒடிந்தது. அவர் கைக்கு எட்டாமல் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே நகல் என்னுடையது என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்துதான் செய்தேன்.

டிசம்பரில் ஒருநாள் லேக் மார்க்கெட் போயிருந்தேன், காப்பிப் பொடியும் அப்பளமும் வாங்க. கடைக்காரர் பொடியை அரைத்துக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். சுதா.

"திரும்பாதீங்கண்ணா. அவர் வெளில கார்ல இருக்கார்."

நான் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என் போனை அவர் தினமும் பாப்பார். கேமராவை யாரும் தொடறதில்லன்னு அதுல எடுத்து வச்சேன். எங்கண்ணன் வந்தா காட்டலாம்னு. அவன் வரல. பயந்துபோய் அழிச்சுட்டேன். நீங்க எடுத்துக் குடுத்தீங்களே, அது உங்ககிட்ட இன்னும் இருக்கா?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்! என்னால் பட்டது என்னவென்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இல்லம்மா," என்றேன். அந்த மட்டில் அது உண்மை.

இயந்திரம் நின்றது. கடைக்காரர் பொட்டலம் கட்டத் தொடங்கினார். அவள் இன்னும் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"பரவால்லண்ணா. இப்ப எங்கண்ணன் வக்கீலைப் பாத்திருக்கான். படம் இல்லாட்டியும், பாத்தவங்க யாராவது சொன்னாப் போதும்னாராம். நீங்க பாத்தீங்கல்ல? பாத்தேன்னு மட்டும் சொல்லுங்கண்ணா. வேற ஒண்ணும் வேண்டாம்."

கடைவாசலைப் பார்த்தேன். காரின் கண்ணாடி இறங்கியிருந்தது. சேகர் சார் போனில் பேசிக்கொண்டே எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார். பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது, டிசம்பர் மாதத்தில்.

நான் சுதாவிடம் கேட்டேன்.

"எதைம்மா?"

அவ்வளவுதான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கறிவேப்பிலைக் கட்டு ஒன்றை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். "இதையும் சேத்துப் போடுங்க," என்றாள். வாங்கிக்கொண்டு நடந்து போய்க் காரில் ஏறினாள்.

நீங்கள் இப்போது என்னிடம் கேட்கப்போவது எனக்குத் தெரியும். படம்தானே போயிற்று, கண் இருக்கிறதே! வாய் இருக்கிறதே! இன்றைக்குக்கூட அந்த வக்கீலிடம் போய்ச் சொல்லலாமே! சொல்லலாம். காலையில் பல் துலக்கும்போது சொல்லிவிடுவதென்று முடிவெடுப்பேன். சட்டையை மாட்டும்போது மாற்றல் நினைவுக்கு வரும். அலுவலகத்தில் அவர் அறைக்குக் கோப்பு கொண்டுபோகும்போது ஒரு ஜோக் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். பார்வதியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்னை இழுத்துக்கொண்டு போய் வக்கீல் முன்னால் உட்கார வைத்துவிடுவாள். அதனால்தான் சொல்லவில்லை.

மாற்றல் உத்தரவு இன்னும் வரவில்லை. சீக்கிரம் வர வேண்டுமே என்று கும்பிடுகிறேன். எதற்குத் தெரியுமா? சென்னைக்காக அல்ல. இந்த மாடிப்படிக்காக.

போன வாரம், நல்ல மே மாத மத்தியானம். கொல்கத்தாவின் புழுக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நின்ற இடத்தில் சட்டை பிழியலாம். நான் படியேறிக்கொண்டிருந்தேன். எதிரே சுதா இறங்கி வந்தாள். கனத்த துணியில் முழுக்கை குர்த்தா, இரண்டு மணிக்கட்டிலும் பித்தான் போட்டு மூடியிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்டேன்.

"சௌக்கியம்ணா," என்றாள்.

நம்பிவிட்டவன்போல் தலையை ஆட்டினேன்.