சுகந்தி அக்கா சொன்ன பொய்யும் நான் பொரித்த ரோல்ஸும்

1. மஞ்சள் கோடு

சுகந்தி அக்கா வேலைக்குப் பிந்தி வந்ததே இல்லை. சுவிஸில், சோலோதுர்ன் என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் நானும் அவரும் நாலு வருடம் ஒரே மேசையில் மரக்கறி வெட்டினோம். நான் மட்டக்களப்பில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. அக்கா போன மாசி மாதம் செத்துப் போனார். குசினி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அவரைப் பற்றி அறிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விபத்து நடந்தது அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால். காலை ஏழு மணியாகியும் அக்காவைக் காணவில்லை. குசினிக்குப் பொறுப்பான ஷெஃபுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பஸ்ஸால் இறங்கி, நடந்து போகிறவர்களுக்கான மஞ்சள் கோட்டில் வீதியைக் கடக்கும்போது ஒரு கார் அடித்துவிட்டது. இடுப்பெலும்பும் இடது தோளும் உடைந்துவிட்டன.

வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஊர்ப்பழக்கத்தில் என்னைக் 'கா' என்று கூப்பிட்டு அக்கா முதல் சொன்னது இதுதான்:

"பிழை என்னிலதான் கா. நான் வடிவாப் பாக்காமக் கடந்திட்டன்."

கார் ஓட்டிய பெண்ணோ, வெயில் கண்ணில் அடித்ததால் தான் ஆளைக் காணவில்லை என்று பொலிசிடம் சொல்லியிருந்தார். ஆனாலும் அக்கா பழியைத் தன் தலையில்தான் போட்டுக்கொண்டார். நாங்கள் அப்படித்தான். யாராவது இடித்தால் நாங்கள்தான் மன்னிப்புக் கேட்போம்.

ஷெஃப் அன்றைக்கே விபத்து போர்மை நிரப்பி அனுப்பினார். வேலை செய்கிறவருக்கு இங்கே விபத்துக் காப்புறுதி இருக்கிறது, அது யாருடைய பிழை என்று கேட்பதில்லை, ஆஸ்பத்திரிச் செலவும் சம்பளத்தில் எண்பது வீதமும் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார். நான் போய்ச் சொன்னபோது அக்கா நம்பவில்லை.

"பிழை ஆரிலயெண்டு கேக்காமலோ? பேந்து வந்து திருப்பிக் கேப்பாங்கள், பார்."

யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

2. வீட்டுக்கு வந்தவர்

எட்டு மாதம் கழிந்தும் இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்க ஏலாது. விபத்துக் காப்புறுதி தராத மீதியைக் காரின் காப்புறுதியிடம் கேட்கலாம் என்று அக்கா பிடித்த வக்கீல் சொன்னார். அந்த வக்கீல் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்த சுவிஸ் பெண். சம்பளத்தில் குறைந்தது, பட்ட வேதனை, அதோடு வீட்டுவேலை செய்ய முடியாமல் போனதும் ஒரு நட்டம்தான், அதற்கும் கேட்கலாம் என்றார். அக்கா சிரித்துவிட்டார்.

"வீட்டு வேலைக்கும் நட்டஈடோ? அப்ப எங்கட அம்மாமார் எல்லாம் வழக்குப் போடலாமே."

காரின் காப்புறுதியிலிருந்து ஒருவர் வீட்டு நிலைமையைப் பார்க்க வருவார் என்று கடிதம் வந்தது. உள்ளதை உள்ளபடி காட்டச் சொன்னார் வக்கீல். அக்கா யோசித்தது வேறு. வீட்டுக்கு வருகிற ஆளை வெறும் வாயோடு அனுப்புவதா? வீடு அலங்கோலமாகக் கிடந்தால் என்ன நினைப்பார்?

நான் லீவு எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். ஜன்னல் துடைத்தேன், நிலம் கழுவினேன், கிழங்குக் கறி வைத்துச் சுருட்டி முப்பது ரோல்ஸ் பொரித்தேன். மணி அடித்ததும் அக்கா என்னை அறைக்குள் தள்ளினார்.

"நீ உள்ளுக்க இரு கா. வேற ஆள் வந்து சமைச்சுத் தாறதெண்டு தெரிஞ்சா வெக்கம்."

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வந்தவர் நல்ல மனிதர். ரோல்ஸை ருசித்துச் சாப்பிட்டார். யார் செய்தது என்று கேட்டார். அக்கா தன் ஜெர்மனில், நான்தான் என்றார். தினம் சமைப்பது யார்? நான். உடுப்புத் தோய்ப்பது? நான். கணவர் உதவி செய்வாரா? அவருக்குக் குசினி தெரியாது. இப்போது எப்படி இருக்கிறது? நல்லம், நன்றி.

அக்கா இவ்வளவு வடிவாக ஜெர்மன் கதைக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நான் அவ்வளவு மொக்கு.

உண்மையில் அந்த வீட்டில் எல்லாம் செய்தது மோகன் அண்ணை, அக்காவின் மனுசன். பஸ் கழுவுகிற வேலை முடித்து வந்து சமைப்பார், தோய்ப்பார். அதை வெளியில் சொன்னால் ஆட்கள் அவரைக் கேலி பண்ணுவார்கள் என்று அக்கா எவருக்கும் சொன்னதில்லை.

இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. வீட்டு வேலைகளைச் சிரமமில்லாமல் செய்கிறார், தானே செய்த பலகாரம் பரிமாறினார் என்று இருந்தது. நான் பொரித்த ரோல்ஸ் இரண்டாம் பக்கத்தில் அக்காவுக்கு எதிரான சாட்சியாக நின்றது. கை பற்றி அவர் டாக்டரிடம் சொன்னதையும் இனி நம்ப ஏலாது என்று காப்புறுதி எழுதியது. ஒரு சின்னத் தொகையைப் போட்டு, இதோடு எல்லாம் முடிந்தது என்று கையெழுத்துக் கேட்டது.

3. கோர்ட்டில்

வக்கீல் கோபிக்கவில்லை. கையெழுத்து வைக்காமல் வழக்குப் போடலாம், ஆனால் முதலில் சமரச அமர்வு இருக்கிறது, அங்கே உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார். ரோல்ஸ் செய்த ஆளும் வந்தால் நல்லம் என்றார்.

நான் பயந்துவிட்டேன். என்னுடையது பி பெர்மிட், திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டிய வதிவிட அனுமதி. கோர்ட்டில் பெயர் வந்தால் பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்களோ என்று நினைத்து, வரமாட்டேன் என்று அழுதேன். அக்கா ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை.

"அழாத கா. பொய் சொன்னது நான். நானே போய்ச் சொல்லுறன்."

அடுத்த நாள் விடிய எழும்பி வக்கீலுக்கு போன் பண்ணி, வாறேன் என்றேன். பெர்மிட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்ன பிறகும் பயம் போகவில்லை.

அமர்வு சின்ன அறையில் நடந்தது. நீதிபதி, காப்புறுதியின் ஆள், நாங்கள், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். அவரைக் கண்டதும் அக்காவின் முகம் மாறியது. எங்கள் கோயிலுக்கு வருகிறவர். அவர் வெளியில் கதைக்கக்கூடாது என்பது சட்டம்தான். ஆனாலும் அக்காவுக்கு அவர் எங்கள் ஊர் ஆள். பக்கத்தில் மோகன் அண்ணை வேறு இருந்தார்.

அறிக்கையில் இருப்பது சரியா என்று நீதிபதி கேட்டார். அக்கா மேசையைப் பார்த்தபடி சொன்னார்:

"இல்ல. நான் பொய் சொன்னன். ரோல்ஸ் இவள் செய்தது. சமைக்கிறது, தோய்க்கிறது, எல்லாம் என்ட மனுசன். என்ட தலைய வாரிப் பின்னி விடுறதும் அவர்தான். எனக்குக் கை எழும்பாது. வெக்கத்தில சொல்லேல்ல."

மொழிபெயர்ப்பாளர் அதை ஜெர்மனில் சொன்னார். மோகன் அண்ணை அக்காவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். ஒளித்திருந்தவள் நான்தான் என்று நானும் சொன்னேன்.

காப்புறுதியின் ஆள் சிரிக்கவில்லை. புதிதாக, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு மருத்துவ நிபுணரைக் கொண்டு பார்ப்போம், அதற்குப் பிறகு கதைப்போம் என்றார். நீதிபதியும் சரி என்றார்.

4. ஒரு சொல்

நிபுணரின் அறிக்கை வந்தபோது அக்கா என்னைத்தான் வாசிக்கக் கூப்பிட்டார். சொல் சொல்லாகக் கூட்டி வாசித்தேன். கை, இடுப்பு, வீட்டு வேலையில் எத்தனை வீதம் முடியாது, எல்லாம் இருந்தது. அதை வைத்துத்தான் பிறகு காப்புறுதி வழக்கில்லாமலே நட்டஈட்டுக்குச் சம்மதித்தது. அக்கா தொகையைப் பற்றிக் கேட்கவில்லை. "நான் பொய்க்காரி எண்டு எழுதியிருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

கடைசிப் பக்கத்தில் இருந்தது: அவர் சொல்வது நம்பக்கூடியது.

"அதத் திருப்பி வாசி கா" என்றார். வாசித்தேன். மோகன் அண்ணையைக் குசினியிலிருந்து கூப்பிட்டு, அவருக்கும் வாசிக்கச் சொன்னார்.

அக்காவைக் கொண்டுபோனது வேறு வருத்தம். மூளையில் இரத்தம் கசிந்தது. மேசையில் அவருடைய பக்கத்தில் இப்போது வேறொருவர் வெட்டுகிறார். நான் இன்னும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

வேலைக்கு வருகிற பிள்ளைகளே, அடிபட்டால் டாக்டரிடமும் காப்புறுதியிடமும் நல்லம், நன்றி என்று சொல்லாதீர்கள். ஏலாததை ஏலாது என்று முதல் நாளே சொல்லுங்கள். ஒருவேளை வெட்கத்தில் பொய் சொல்லிவிட்டாலும், போய்த் திருத்தலாம். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.