பன்னிரண்டு சென்டிமீட்டர் தலைப்பு

என் தங்கையை அவள் கல்லூரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியாக இருப்பதால் வைத்த பெயர் இல்லை. அவள் பையில் எப்போதும் ஒரு அடி மர ஸ்கேல் இருக்கும். பேப்பரில் எந்தச் செய்திக்கு எத்தனை சென்டிமீட்டர் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று அளந்து, பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைப்பாள். இதழியல் கடைசி வருஷம். படிப்பில் அவ்வளவாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வாய் மட்டும் முதல் வகுப்பு.

எங்கள் வீட்டில் அப்பா படித்து முடிக்கும்வரை பேப்பரை யாரும் தொடக்கூடாது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அதுதான். சின்னவள் அதையும் பறித்துக்கொண்டாள். அவர் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் முதல் பக்கம் ரத்தக்களரியாகி இருக்கும்.

“நான் காசு கொடுத்து வாங்குற பேப்பரைப் பரீட்சைத் தாள் மாதிரி திருத்தி வச்சிருக்காளே, இவளை என்ன செய்யறது?” என்று என்னிடம் முறையிடுவார். நான் என்ன செய்ய? எனக்குக் காலை ஏழு மணிக்கு டூட்டி. ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்து கவுண்டரில் வேலை பார்க்கிறேன். தலைவாரிக்கொண்டே இவள் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் தினமும் கிளம்புவேன்.

நான் சொல்ல வந்த வாரத்தில், ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பு: ‘பள்ளிக் கூரை சரிந்தது.’

“தானா சரிஞ்சுதாம்! அதுக்கே தூக்கம் வந்து படுத்துருச்சு போல! கட்டினவன் யாரு, பில் பாஸ் பண்ணவன் யாரு? ஒருத்தன் பேரும் இல்ல.”

திங்கட்கிழமை: ‘துப்புரவுப் பணியாளர் போராட்டம்: பொதுமக்கள் அவதி.’

“அப்போ துப்புரவு வேலை பார்க்கிறவங்க பொதுமக்கள் இல்லையா? அவங்க என்ன ஆகாயத்துலேர்ந்து குதிச்சாங்களா? இதை எழுதினவனை ஒரே ஒரு நாள் சாக்கடையில இறக்கி விடணும்ப்பா.”

“வேற வேலையே இல்லையா உனக்கு?” என்றார் அப்பா. ஆனால் அந்தத் தலைப்பை இன்னொரு தடவை படித்தார். அதையும் நான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு நடிகை உடம்பு இளைத்த செய்திக்குப் பதினாறு சென்டிமீட்டர், ஒரு பேட்டைக்கு ஒன்பது நாளாகத் தண்ணீர் வராத செய்திக்கு நாலு. ஸ்கேலை மேஜையில் ஓங்கி அடித்தாள். டீ சிந்தியது. அம்மா திட்டினாள்.

இப்படித் திருத்துவது அவள் வகுப்பின் பழக்கமும்தான். அவர்கள் துறையில் வராந்தா முழுக்க ஒரு பலகை உண்டு. பெயர் ‘தலைப்புச் சுவர்’. வெள்ளிக்கிழமை தோறும் கடைசி வருஷப் பிள்ளைகள் அந்த வாரத் தலைப்புகளைக் கத்தரித்து ஒட்டி, கீழே தங்கள் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத கருத்துக்கு அங்கே இடமில்லை. ஒட்டியதை அடுத்த வெள்ளி வரை முதல்வர்கூடக் கிழிக்க முடியாது. என் தங்கையின் காகிதங்கள்தான் அதில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

அந்த மாதம் அவளுக்கு ஒரு நாளிதழில் பயிற்சி. மத்தியானம் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். பயிற்சிச் சான்றிதழ் இல்லாவிட்டால் பட்டம் கிடையாது, ஒரு வருஷம் வீண். புதன்கிழமை காலையில் பேப்பரை அவள் திருத்தவில்லை. அப்பா கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“மூணாம் பக்கம் பாருங்கப்பா. செய்தி நிருபரோடது. தலைப்பு நான் வச்சது!”

‘லிஃப்ட் விழுந்தது: ஊழியரின் கவனக்குறைவு.’

“மூணு பத்தி அகலம். பன்னிரண்டு சென்டிமீட்டர். டெஸ்க் சாரே ‘நறுக்குன்னு இருக்கு’ன்னு சொன்னாரு.”

டெஸ்க் சார் என்பவர் அங்கே தலைப்புகளுக்கெல்லாம் பொறுப்பான மூத்த உதவி ஆசிரியர். யாரையும் லேசில் பாராட்ட மாட்டாராம். அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனவர் அரைமணி நேரம் வரவில்லை. நானும் சிரித்தேன், மறைப்பானேன். ‘ஒரு தனியார் மருத்துவமனையில்’ என்று ஆரம்பித்த செய்தியில் எந்த மருத்துவமனை என்று இல்லை. நானும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கேள்வி கேட்கிறவளும் கேட்கவில்லை.

எனக்குச் செவ்வாய் வார விடுமுறை. புதன்கிழமை வேலைக்குப் போனால், எங்கள் மருத்துவமனையின் வலது பக்க லிஃப்டுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. பக்கத்துச் சுவரில், ஊழியர்களுக்கான அறிவிப்புப் பலகையில், என் தங்கையின் தலைப்பு.

செவ்வாய்க் காலையில் அந்த லிஃப்ட் ஒன்றரை மாடி வழுக்கிக் கீழே இறங்கி நின்றிருக்கிறது. நோயாளியோடு வந்த ஒருவருக்குக் கால் முறிவு. லிஃப்ட் அக்காவை அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். வெளியே யாருக்கும் போன் செய்யக்கூடாது என்று உத்தரவாம்.

லிஃப்ட் அக்கா பதினான்கு வருஷமாக அந்தப் பெட்டிக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் அழுத்துகிறவர். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். அழுதுகொண்டு ஏறுகிறவர்களை ஒன்றும் கேட்காமல் மாடியில் விடுவார். சிரித்துக்கொண்டு ஏறுகிறவர்களிடம் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பார். மூன்று மாதமாக என் கவுண்டரில் பேனா இரவல் வாங்கிப் போவார். “மறுபடியும் பிரேக் வழுக்குதும்மா. ரெஜிஸ்டர்ல எழுதிட்டு வந்துடறேன்.” ஒரு தடவைகூட அந்தப் பேனா திரும்பி வராமல் இருந்ததில்லை.

அன்று மத்தியானம் எத்தனை பேருக்கு மாத்திரை மாற்றிக் கொடுக்க இருந்தேன் என்று கணக்கில்லை. அவ்வளவு ஆத்திரம்.

சாயங்காலம் சின்னவள் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“கவனக்குறைவுன்னு யாருடி சொன்னது உனக்கு?”

“நிர்வாகம் சொல்லுச்சு. செய்தியில ரெண்டாவது பாராவுல தெளிவா இருக்கே.”

“தலைப்புல?”

“நான் முதல்ல எழுதினப்போ ‘மருத்துவமனை நிர்வாகம் தகவல்’னு கடைசியில இருந்துச்சு. பத்தி அகலத்துல அடங்கலை. வெட்டினேன்.”

“அடங்கலைன்னா எழுத்தைச் சின்னதா போட வேண்டியதுதானே?”

“போட்டா எடுப்பா இருக்காதுக்கா.”

“எடுப்பா இருக்காதா! துப்புரவு வேலை பார்க்கிறவங்க பொதுமக்கள் இல்லையான்னு கேட்டியே, லிஃப்ட் அக்கா யாருடி? தினமும் எங்க உசிரை வாங்குவியே, உன் தலைப்பை அளக்க ஸ்கேல் இல்லையா உன்கிட்ட?”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறந்ததிலிருந்து அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. பாவம் என்றுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு கோபம் எனக்கு. அப்பா பேப்பரை மடித்துத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் அவளே கேட்டாள். “அந்த அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.”

பர்மிஷன் போட்டுவிட்டுக் கூட்டிப் போனேன். லிஃப்ட் அக்கா வீட்டில் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். எங்களை உட்கார வைத்துவிட்டு அவர் கதவில் சாய்ந்து நின்றார். சின்னவள் சுற்றி வளைக்கவில்லை.

“அக்கா, அந்தத் தலைப்பை எழுதினது நான்தான்.”

லிஃப்ட் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

“நான் ஒன்பது தடவை எழுதினேம்மா, பிரேக் வழுக்குதுன்னு. ஒருத்தர்கூடப் படிக்கலை. நீ ஒரே தடவை எழுதின. ஊரே படிச்சுருச்சு.”

சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை; தன் பக்கம் பேச ஒரு ஊழியரையும் ஒரு சாட்சியையும் அழைத்து வரலாம் என்று கடிதம் வந்திருந்தது. ஊழியர் நான், சாட்சி சின்னவள் என்று சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று இருந்தது. நேரே மருத்துவமனைக்குப் போய், லிஃப்ட் ரெஜிஸ்டர் இருக்கும் மின்சார அறைக்குள் நுழைந்தேன். எலக்ட்ரீஷியன் கண்டும் காணாததுமாகத் திரும்பி நின்று வயரை முறுக்கிக்கொண்டிருந்தார். ரெஜிஸ்டரில் அந்த ஒன்பது பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் தேதி, லிஃப்ட் அக்காவின் கையெழுத்து. பார்த்ததாக மேலாளர் போட வேண்டிய கட்டம் ஒன்பதிலும் காலி.

அதே மத்தியானம் சின்னவள் டெஸ்க் சாரிடம் போய் நின்றாள். திரும்பி வந்து அவள் சொன்னது இது:

“திருத்தம் போடணும் சார். அதே மூணாம் பக்கம், அதே பன்னிரண்டு சென்டிமீட்டர்.”

“ஆறாம் பக்கம் கீழே ஒரு வரி போட்டுக்கலாம்மா. அவங்க ஞாயித்துக்கிழமை தோறும் அரைப்பக்க விளம்பரம் தர்றவங்க.”

“அதனாலதான் ‘ஒரு தனியார் மருத்துவமனை’யா சார்?”

“இங்க பாரு, உனக்கு இன்னும் பத்து நாள் பயிற்சி பாக்கி. சர்டிஃபிகேட் வேணுமா, வேணாமா?”

“வேணும் சார். திருத்தமும் வேணும்.”

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு வருஷப் படிப்பு போச்சே! கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்தா என்னடி குறைஞ்சு போயிடும்?”

“வாயை மூடிக்கிட்டு தலைப்பு எழுதினதாலதாம்மா இவ்வளவும்,” என்றாள் சின்னவள். அழுதாள், ஆனால் பின்வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தலைப்புச் சுவரில் அவள் ஒரே ஒரு தலைப்பைத்தான் ஒட்டினாளாம். தன்னுடையதை. கீழே சிவப்பு மையில்: ‘இதை எழுதியவள் நான். குற்றம் சாட்டியது நிர்வாகம். அதை மறைத்து, நானே கண்ணால் பார்த்ததுபோல் எழுதினேன். பிரேக் வழுக்குகிறது என்று அந்த ஊழியர் ஒன்பது முறை எழுதிக் கொடுத்தார் என்பதை நான் விசாரிக்கவில்லை. இடம் போதவில்லை என்பது பொய். எனக்குப் பாராட்டு போதவில்லை.’ கீழே முழுக் கையெழுத்து. அவள் கருத்துகளுக்கு வாராவாரம் கைதட்டும் கூட்டம் அன்று கைதட்டவில்லையாம். நின்று படித்துவிட்டுப் போனார்களாம்.

சனிக்கிழமை விசாரணை அறையில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி, நடுவில் வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி, வயதான வக்கீல். நிர்வாக அதிகாரி பிளாஸ்டிக் உறை போட்ட பேப்பர் துண்டு ஒன்றை மேஜையில் வைத்தார்.

“நாங்க சொல்றது இருக்கட்டும் சார். பத்திரிகையே எழுதியிருக்கு, ஊழியரோட கவனக்குறைவுன்னு.”

“அந்தப் பத்திரிகை நான்தான்,” என்றாள் சின்னவள்.

வக்கீல் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“அந்தத் தலைப்பு நான் எழுதினது சார். கவனக்குறைவுன்னு எங்க நிருபர்கிட்ட சொன்னது இவர்தான். ரெண்டாவது பாராவுல இருக்கு, படிங்க. இவர் சொன்னதை நாங்க போட்டோம். நாங்க போட்டதை இவர் சாட்சின்னு கொண்டு வர்றார். ஒரே ஆள் எத்தனை தடவை சார் சாட்சி சொல்லலாம்?”

நான் செல்போனை எடுத்து வக்கீல் முன்னால் வைத்தேன். ஒன்பது பக்கத்தையும் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். பிறகு நிர்வாக அதிகாரியிடம், “ரெஜிஸ்டரை இப்பவே கொண்டு வரச் சொல்லுங்க,” என்றார். தேட வேண்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று இழுத்தார் அதிகாரி. “நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்,” என்று வக்கீல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இருபது நிமிஷத்தில் ரெஜிஸ்டர் வந்துவிட்டது. இறுதி அறிக்கை வரும்வரை லிஃப்ட் அக்கா வேலையில் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் எங்கள் மருத்துவமனையின் அரைப்பக்க விளம்பரம். ஆறாம் பக்கத்தின் அடியில், தொலைந்துபோன பாஸ்புக் அறிவிப்புக்குக் கீழே, ஒரு வரித் திருத்தம். அப்பா கண்ணாடியைப் போட்டுத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு, என் ஆயுளில் முதல் தடவையாக, படித்து முடிக்காத பேப்பரை அவராகவே சின்னவளிடம் நீட்டினார்.

“அளந்து பாரும்மா.”

“நாலரை சென்டிமீட்டர்ப்பா.”

“மிச்சம் ஏழரையையும் வாங்காம விடாதே.”

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நான் இடது பக்க லிஃப்டில் ஏறினேன். ஸ்டூலில் லிஃப்ட் அக்கா. அவர் தலைக்குப் பின்னால், எல்லோர் கண்ணிலும் படுகிற உயரத்தில், சின்னவளின் சிவப்பு மைக் காகிதம் ஒட்டியிருந்தது. தலைப்புச் சுவரில் இருந்தபடியே ஒரு நகல் எழுதி வாங்கியிருக்கிறார். இரண்டாம் மாடியில் நிர்வாக அதிகாரி ஏறினார். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இதை யார் ஒட்டினது? எடுங்கம்மா உடனே!”

“பேப்பர்ல வந்த தலைப்பைக் கீழே பலகையில ஒட்டியிருக்கீங்களே சார், அதை எடுங்க. இதையும் எடுத்துடறேன்,” என்றார் லிஃப்ட் அக்கா. “அதுவரைக்கும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு அறுநூறு பேர் ஏறுறாங்க. நிக்கிற நேரத்துல படிப்பாங்க.”

பின்னாலிருந்த இரண்டு பேர் அதற்குள் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். அக்கா பட்டனில் விரலை வைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்.

“எந்த மாடி சார்?”