பதினோரு மெஷினும் நிற்கும் நேரம்

தாராவியில் சத்தமில்லாத இடம் எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். சத்தமில்லாத நேரம் ஒன்று உண்டு, அது சஃப்ரீனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆண்கள் ஜும்மாவுக்குக் கிளம்பியதும், கீழே அவள் கணவன் ஷாகிரின் பை தைக்கும் கார்கானாவில் பதினோரு மெஷினும் நிற்கும். பக்கத்துச் சந்திலும் நிற்கும். நாற்பது நிமிஷம். அதற்குள் மாடியறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து வழிய ஆர்மோனியத்தைப் பதிவு செய்துவிடுவாள். அவளுடைய மத்தியான லுஹர் தொழுகை அதற்குப் பிறகுதான். அடுத்த அசர் தொழுகை வரைக்கும் நேரம் இருக்கிறதே.

ஆர்மோனியம் தர்கா கந்தூரிகளில் வாசித்த அவள் வாப்பாவுடையது. லேப்டாப் செகண்ட் ஹேண்ட். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு துருத்தியை மெல்ல அமுக்குவாள். அதற்கப்புறம், பைகளுக்கு விலைச்சீட்டு கட்டிய நேரம் போக, அந்த ஒற்றைச் சுரத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்து, மேலே எலக்ட்ரானிக் ஒலிகளைப் பரப்பி, இருபது நிமிஷத்துக்கு நீட்டுவாள். தாளமும் கிடையாது, பாட்டும் கிடையாது. இசை வகுப்பில் பழக்கமான செம்பூர் ஹரிதா இதற்கு ‘ஆம்பியன்ட் ட்ரோன்’ என்று பெயர் சொன்னாள். பெயரில் என்ன இருக்கிறது, இப்படி ஐந்து உருப்படி முடிந்துவிட்டது. ஆறாவதும் முடிந்தால் ஆல்பம். திங்கட்கிழமை நெட்டில் ஏற்றுவதாக ஹரிதா நாள் குறித்துவிட்டாள்.

வியாழக்கிழமை சோறு தின்றுகொண்டே ஷாகிர் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"பெருநாள் ஆர்டர் கழுத்தப் புடிக்கி. நாளைலேருந்து பாதிப் பேரு மொத ஜமாஅத் தொழுகைக்கு, பாதிப் பேரு ரெண்டாவது ஜமாஅத்துக்கு. மெஷின் நிக்காது."

ஏழு மாதமாக மாடியில் சஃப்ரீன் என்ன செய்கிறாள் என்று அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சிரித்துவிடுவானோ என்ற பயம்தான், வேறென்ன.

"நாளைக்கு மட்டும் எல்லாரும் ஒண்ணாப் போங்களேன். எனக்கு அந்த நாப்பது நிமிசம் வேணும்."

"எதுக்குளா?"

வாயால் சொல்லத் தெரியாமல், ஐந்தாவதை ஓடவிட்டு இயர்போனை அவன் காதில் மாட்டினாள். கைகூடக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டான். விரலில் சோறு காய்ந்தது. அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு எப்ப வரும்?"

"வராது. இதான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். முழுசும் கேட்டு முடித்துத்தான் இயர்போனைக் கழற்றினான்.

"மெஷின நிறுத்துன பெறவு கொஞ்ச நேரம் காதுக்குள்ள ஓடிக்கிட்டே கெடக்கும்லா, அது மாதிரியே இருக்கு" என்றான். "அது எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சேன்."

"எனக்கும் கேக்கும்" என்றாள் சஃப்ரீன்.

அவன் எழுந்து கை கழுவப் போனான். "எல்லாரும் மொத ஜமாஅத்துக்கே போயிருவோம்" என்று அங்கிருந்தே சொன்னான்.

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சஃப்ரீன் துருத்தியில் கை வைத்தாள். வாசிக்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. நாற்பதில் மூன்று நிமிஷம் அப்படியே போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.