குடிக்காத இருவர் போன திராட்சை நாடு

வெள்ளி, காலை. ஷார்ஜா விமான நிலைய வரிசையில் நிற்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மது தொட்டதில்லை. என் கணவரும் தொட்டதில்லை. பெருநாள் விடுமுறைக்கு நாங்கள் கிளம்பியிருப்பதோ ஒயினுக்குப் பேர்போன ஜார்ஜியாவுக்கு. அமீரக விசா இருந்தால் அங்கே போகத் தனி விசா வேண்டாம், மூன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்று ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள். மதுரைக்கு டிக்கெட் போட்டால் அதைவிட இரண்டு மடங்கு. அதோடு ஊருக்குப் போனால், "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்கிற வாய்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

விசேஷம் எதுவும் இல்லை. திருமணமாகி ஒன்பது வருடத்தில் ஒன்று தங்கியது, அதுவும் ஐந்தாம் மாதம் போய்விட்டது. பிறகு துபாயில் ஒரு மருத்துவமனையில் மூன்று முறை சோதனைக் குழாய் சிகிச்சை, மூன்றும் வீண். நான்காவது முறை செய்துகொள்கிறோமா இல்லையா என்று விடுமுறை முடிந்ததும் சொல்ல வேண்டும். எனக்கு ஆசை இருந்தது. அவரைக் கேட்டால், "உன் இஷ்டம்" என்பார். அல் கூஸில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் அவர். சரக்கு வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி எனக்கும் வழிவிட்டு நிற்பார். அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தப் பயணத்தில் இவர் வாயைத் திறக்க வைக்காமல் திரும்புவதில்லை என்றுதான் விமானத்தில் ஏறினேன்.

மதியம். தலைநகர் திபிலீசியின் சம்கோரி நிறுத்தத்திலிருந்து சிக்னாகிக்கு வேன் போகிறது. நூற்றுப் பத்து கிலோமீட்டர், தலைக்குப் பதின்மூன்று லாரி. "பதின்மூணு லாரியா?" என்று கிடங்குக்காரர் மிரண்டார். அந்த ஊர்ப் பணத்துக்கு அதுதான் பெயர். ஒரு லாரி நம் ஒன்றேகால் திர்ஹாமுக்குக் கொஞ்சம் மேலே.

வேனில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு சின்ன பாட்டிலை நீட்டி, "சாச்சா, சாச்சா" என்றார். துபாயில் வயதான பாகிஸ்தானி டிரைவர்களை நாம் சாச்சா என்றுதானே அழைப்போம்? என் கணவர் மரியாதையாக எழுந்து, இடம் கொடுக்கப் பெரியவரைத் தேடினார். சாச்சா என்றால் அங்கே திராட்சைச் சாராயமாம். வேன் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், வெகுநாளைக்குப் பிறகு.

மாலை. சிக்னாகி மலை மேலே இருக்கிற சின்ன ஊர். நாற்பது லாரிக்கு முன்பதிவு செய்திருந்த அறை பூட்டிக் கிடந்தது. போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கல் பாவிய ஏற்றத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டோம். இரண்டு இடத்தில் அறை இல்லை, மூன்றாவது இடத்தில் நூற்றைம்பது கேட்டார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே எழுபது லாரி, காலை உணவும் உண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பெயர் கேட்டேன். "நானா" என்றாள்.

"ஆமா, உங்களத்தான்" என்று தமிழிலேயே சொன்னார் என் கணவர். அவள் பெயரே அதுதான்.

சனி, பகல். இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஒயின் ஆலைக்குப் போனோம். நான்கு வகை ருசி பார்க்கத் தலைக்கு முப்பது லாரி. வாசலில் மூன்று பேருந்துகள். அபுதாபி, மனாமா முகங்கள்தான் பாதி. பளபளவென்று எஃகுத் தொட்டிகள். வழிகாட்டிப் பையன் கோப்பையைச் சுழற்றி, பாதாமி வாசம் தெரிகிறதா என்று கேட்டான். என் கணவர் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "பழைய சோத்து நீத்தண்ணி கணக்கா இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. காசு கொடுத்ததற்காக நான்கிலும் ஒரு மிடறு பார்த்துவிட்டு வெளியே வந்தோம்.

ஊர்க் கோட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே அலசானிப் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம், அதற்கு அப்பால் பனி மூடிய மலைகள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ஆரம்பித்தேன்.

"நாலாவது தடவ போவமா மாமா?"

"உன் இஷ்டம்."

எழுந்து நடந்துவிட்டேன். அத்தை மகனைக் கட்டினால் குணம் தெரிந்து நடக்கலாம் என்று சொன்னவர்களை அன்று கையில் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

இரவு. நானாவின் கணவர் லெவான் சாப்பிட அழைத்தார். மேசை நிறைய ரொட்டி, பாலாடைக் கட்டி, வால்நட் பூசிய கத்தரிக்காய், சொந்தத் திராட்சையில் செய்த ஒயின். அங்கே யாருக்காக என்று சொல்லாமல் கோப்பையைத் தூக்குவதில்லை. சமாதானத்துக்கு, விருந்தாளிகளுக்கு, இறந்துபோனவர்களுக்கு என்று லெவான் வரிசையாகச் சொல்ல, நானா மொழிபெயர்த்தாள். நாங்கள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டோம்.

"மாமா, அந்தத் தண்ணிய எடுங்க" என்றேன்.

லெவான் காதைத் தீட்டினார். "மாமா?"

நானா முகம் மலர்ந்தாள். "எங்கள் மொழியில் மாமா என்றால் அப்பா. பிள்ளைகள் கூப்பிடுவது மாதிரியே நீயும் கூப்பிடுகிறாயா? எத்தனை பிள்ளைகள்?"

இல்லை, எங்கள் பக்கம் மாமா என்றால் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் சொல்லிவிட்டார்.

"ஒன்று. பெண் குழந்தை. இந்த வருடம் கேஜி டூ."

லெவான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். எங்களைக் கீழே நிலவறைக்கு அழைத்துப் போனார். ஆள் உயரச் சாடிகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, அதில்தான் ஒயினை வைக்கிறார்கள். களிமண் பூசி மூடிய ஒன்றைக் காலால் தொட்டுக் காட்டினார். மகள் பிறந்த வருடம் நிரப்பியதாம். அவள் திருமணத்தன்றுதான் திறப்பார்களாம். உங்கள் பெண் எந்த வருடம் என்று கேட்டார். என் கணவர் யோசிக்காமல் சொன்னார். அந்த வருடத்துப் பாட்டில் ஒன்றைத் தூசி தட்டி அவர் கையில் கொடுத்தார் லெவான்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். "எதுக்கு அப்படி ஒரு பொய்?"

"பொய் இல்ல."

"பொண்ணுன்னு யாரு சொன்னா?"

"நீ மயக்கத்துல இருந்த. நர்ஸம்மா என்னைய மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. துணியில சுத்தி வச்சிருந்தாங்க." அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "என் கை அகலந்தான் இருந்தா. விரல் நகமெல்லாம் இருந்துச்சு. ஒனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டன்னு சொல்லல. அப்புறம் சொல்லவே வரல."

ஐந்து வருடமாக நான் அதை 'அது' என்றே சொல்லிவந்தேன். இவர் மனதுக்குள் அவளைப் பள்ளிக்கூடம் வரைக்கும் அனுப்பிவைத்திருக்கிறார்.

"நீ கேக்கும்போதெல்லாம் வேணாம்னு சொல்ல நாக்கு வரைக்கும் வரும். நீ ஆசப்படுற, நான் எப்படிச் சொல்ல? ஆனா இன்னொருவாட்டி அந்த ரூமுக்குள்ள கூப்பிட்டா என்னால போக முடியாது புள்ள."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அவளை ஒரு தடவை பார்க்கக்கூட விடவில்லையே என்ற கோபம். இரண்டையும் அவர் தோளிலேயே தீர்த்தேன்.

ஞாயிறு, காலை. ஷார்ஜாவுக்குள் மது கொண்டுபோக முடியாது. பரிசைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் இல்லை. நானாவிடம் இரண்டு கோப்பைகள் வாங்கிக்கொண்டு கோட்டைச் சுவருக்குப் போனோம். பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் தக்கையை உள்ளேயே தள்ளிவிட்டார்.

"யாருக்குன்னு சொல்லணுமே" என்றார்.

"அவளுக்கு" என்றேன்.

தக்கைத் துணுக்கு மிதந்த ஒயின் கசந்தது. ஆளுக்கு ஒரு கோப்பை முழுதாகக் குடித்தோம். மீதியை ஒரு திராட்சைக் கொடியின் வேரில் ஊற்றிவிட்டு வேனைப் பிடித்தோம்.

திங்கள், ஷார்ஜா. இறங்கினால் முகத்தில் அடிக்கும் அனல், பாலத்தடியில் நகராத கார்கள், ஃப்ளாட் வாசலில் சேர்ந்திருந்த விளம்பரத் தாள்கள். சிக்னாகியில் இறந்தவர்களுக்கென்று எல்லார் முன்னாலும் கோப்பையைத் தூக்குகிறார்கள். எங்கள் வீட்டில் இறந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச இரண்டாயிரம் கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன். அவர் லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேண்டாம், இனி வரமாட்டோம் என்று சொன்னேன். மறுமுனையில் எப்போதும் பேசுகிற மலையாளி சிஸ்டர்.

"சேச்சி, குழந்த ஒன்னும் இல்லல்லோ? இன்னும் ஒரு தடவ நோக்கலாமே" என்றாள், அக்கறையாகத்தான்.

"இருந்தாளே சிஸ்டர்" என்றேன். "எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா."