வீட்டுக்கு வந்த ஜாகா

ஈப்போவில் ஒரு பேரங்காடியில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்க்கும் ஜெயபாலனுக்குக் கழுகுக் கண். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியதும் பட்டணத்துக்கு வந்தவர். சட்டைக்குள் யாராவது ஒரு சவர்க்காரக் கட்டியை மறைத்தால்கூட அவருக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் அந்தக் கண்ணை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனிதர் வீட்டுக்கும் கொண்டு வந்தார். வம்பு அங்கேதான் தொடங்கியது.

அவர் மனைவி புஷ்பலதா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம். மனம் கலங்கினாலும் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கை தானாக உச்சந்தலைக்குப் போகும்; ஒவ்வொரு முடியாகப் பிடுங்கும். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை. துணி கட்டி மறைப்பாள். கல்யாணமான பிறகுதான் ஜெயபாலனுக்குத் தெரிந்தது. ஏமாந்துவிட்டோம் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவளை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒரு தைப்பூசத்துக்கு வேண்டிக்கொண்டு இருவரும் சேர்ந்து மொட்டை போட்டார்கள். என்ன பக்தி என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். காரணம் இருவருக்குள்ளேயே இருந்தது. அவளுக்கு முடி கருகருவென்று வளர்ந்தது. ஜெயபாலன் பூரித்துப்போனார், இனி ஒரு முடியையும் போகவிடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

அன்று பிடித்தது காவல். டிவி பார்த்தால் "கை" என்பார். காரில் "கை". படுக்கையில் "கை". அன்பாகத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. அவள் பேச்சைக் குறைத்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருக்கத் தொடங்கினாள். சொட்டை மறுபடியும் விழுந்தது. அதைவிட, பக்கத்தில் வந்து உட்காரும் மனைவி இல்லாமல் போனதுதான் அவரை வாட்டியது.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். கோபப்படவில்லை.

"முடி புடுங்குறது வலிக்கலங்க. நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்களே, அதுதான் வலிக்குது. ஜாகா வேலைய அங்கயே பாருங்க. வீட்டுல எனக்குப் புருஷன் போதும்லா."

அவருக்குச் சுருக்கென்றது. சில நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே லீவு போட்டு அவளைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பைத்தியம் என்பதற்குப் பதிலாக அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி செய்து வளர்ந்தவர்தான் அவரும். அங்கே போய் உட்கார்ந்தபோது வெட்கமாக இருந்தது. இது பிடிவாதமில்லை, நோய்; குறையும், கூடும், கண்டித்து நிற்காது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"கை" என்று சொல்லாமல் வாயை அடக்குவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. சந்தையிலிருந்து தவுகே, அதுதான் பயறு முளை, வாங்கி வந்து நடுவில் கொட்டுவார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வால் கிள்ளுவார்கள். அவள் விரல்களுக்கு அது பிடித்திருந்தது. சில நாள் உதவியது, சில நாள் இல்லை. தினமும் தவுகே தின்று அவருக்குத்தான் நாக்கு செத்துப்போனது.

போன வாரம் ஒரு சாயங்காலம், தலையில் துணி இல்லாமல் வந்து சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் கை மேலே போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முடி வந்தது. இன்னொன்றும் வந்தது.

"இன்னிக்கு அடக்க முடியலங்க," என்றாள் அவளாகவே.

"சரி லதா, இருக்கட்டும்."

எழுந்து போய்விடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவள் போகவில்லை.